வீட்டிலேயே காரின் கியர் ஆயிலை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கியர் ஆயில் மாற்ற கியர்பாக்ஸின் இரண்டு பிளக்கை (திருகு மூடியை) கழற்ற வேண்டும், பழைய ஆயிலை இறக்க வேண்டும், புது ஆயிலை ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எந்தப் பிளக்கை முதலில் கழற்றுவது, வண்டி எப்படி நிற்க வேண்டும், ஏற்றுவதை எப்போது நிறுத்துவது என்ற மூன்றில் ஒன்று தவறினாலும், காலையில் தொடங்கிய வேலை மறுநாள் மெக்கானிக்கைத் தேடுவதில் போய் முடியும். புதிதாக இறங்குகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்கள் வண்டியில் இருக்கும் கியர் பெட்டி எது

இந்த வழிமுறை முன்சக்கரம் இழுக்கும் மேனுவல் கியர் கார்களுக்கானது. ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10, டியாகோ போன்ற வண்டிகளில் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) ஒரே அலுமினியக் கூட்டுக்குள், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. ஒரு தடவை மாற்றினால் இரண்டுக்கும் சேர்த்து முடிந்துவிடும்.

ஈக்கோ, பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர வண்டிகளில் கியர்பாக்ஸ் தனி, பின்னால் இருக்கும் கிரவுன் (டிஃபரென்ஷியல் பெட்டி) தனி. ஆயிலும் தனித்தனி, தரமும் வேறாக இருக்கலாம். அளவையும் தரத்தையும் இரண்டுக்கும் தனியாகப் பாருங்கள்.

கிளட்ச் மிதி இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டிக்குள் இருப்பதும் மேனுவல் பெட்டிதான். ஆனால் பல ஏ.எம்.டி.களில் கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு ஹைட்ராலிக் கருவி இருக்கும், அதற்குத் தனித் திரவம் உண்டு. அதன் டப்பாவில் கியர் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. சி.வி.டி., டி.சி.டி., டார்க் கன்வெர்ட்டர் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளை வைத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பைப் பின்பற்ற வேண்டாம்.

2. எந்த ஆயில், எவ்வளவு

வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று விவரம் இருக்கும்: ஆயிலின் தடிமன், ஏ.பி.ஐ. தரம் (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி), மொத்த அளவு. மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால், கைக்கு எட்டிய கேன் வந்து சேரும்.

தரத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று இரண்டு உண்டு. எண் பெரிதாக இருப்பதால் 5 உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். ஜி.எல்-5 கிரவுன் பல்சக்கரங்களின் கடுமையான அழுத்தத்துக்காகச் செய்தது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கை ஜி.எல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோனைசர் வளையங்கள் பல வண்டிகளில் பித்தளையால் ஆனவை. அவற்றுக்கு ஓரளவு உராய்வு தேவை. கியர் மாறும்போது உராய்ந்துதான் இணைய வேண்டிய பகுதிகளின் வேகத்தைச் சமப்படுத்துகின்றன. வழுக்கல் அதிகமானால் வளையம் பிடிக்காது, கியர் போடும்போது கரகரக்கும். சூட்டில் அந்தக் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கவும் கூடும். கையேட்டில் ஜி.எல்-4 என்றிருந்தால் ஜி.எல்-4 மட்டுமே. ஹோண்டா போல நிறுவனத்தின் சொந்த எம்.டி.எஃப். (மேனுவல் கியர்பாக்ஸ் திரவம்) என்று குறிப்பிட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்தது தடிமன். ‘வேலூர் வெயிலுக்கு மெல்லிய ஆயில் தாங்காது, 75 டபிள்யூ-80 வேண்டாம், 80 டபிள்யூ-90 போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். கணக்கு அப்படி இல்லை. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அளந்த தடிமனைக் குறிக்கிறது. நம் ஊர்க் கத்திரி வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் அந்தக் கணக்குக்கு வெகு கீழேதான். முதல் எண் கடுங்குளிருக்கானது. 75 டபிள்யூ மைனஸ் 40 டிகிரிக்கும், 80 டபிள்யூ மைனஸ் 26 டிகிரிக்கும் வகுத்தவை. மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த பெட்டியில் தடித்ததை ஊற்றினால், மார்கழிக் காலையில் முதல் கியரும் இரண்டாவதும் முரண்டு பிடிக்கும். வேறு பயன் இல்லை.

கியர் ஆயிலின் 90 என்ற எண்ணையும் எஞ்சின் ஆயிலின் 40 என்ற எண்ணையும் ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். உண்மையான தடிமனில் இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில்தான் இருக்கும்.

சிறிய கார்களில் அளவு பெரும்பாலும் 2 லிட்டரைச் சுற்றி இருக்கும். 2.2 லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் கேன் மூன்று வாங்குங்கள். நிரப்பும்போது கொஞ்சம் வழியத்தான் செய்யும். அரை லிட்டர் குறைந்து வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கும்போது கடைக்கு ஓட முடியாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதையும் கையேடு சொல்லும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள், ஜவ்வாது மலைப் பக்கம் சுமையோடு போய் வருகிறவர்கள் அந்தக் கெடுவுக்குக் கொஞ்சம் முன்பாகவே மாற்றுவது நல்லது. இரண்டாவது, மூன்றாவது கியர்களின் சிங்க்ரோ வளையங்கள் மலைப்பாதையில்தான் அதிகம் தேய்கின்றன.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஹைட்ராலிக் டிராலி ஜாக் ஒன்று, ஜாக் ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை நான்கு. வண்டியோடு வரும் கத்தரி ஜாக் பஞ்சர் போட மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

பிளக்குக்குப் பொருந்தும் சாவி. இது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் சாதாரண ஆறுமுனைத் தலை, சிலவற்றில் ஆலன் சாவிக்கான குழி, இன்னும் சிலவற்றில் ராட்செட்டின் சதுர முனையே நேராக நுழையும் சதுரக் குழி. ஆயில் வாங்கப் போவதற்கு முன்பே அடியில் எட்டிப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாக்ஸ் ஸ்பானர் என்றால் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை உள்ளது இறுகிய பிளக்கின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

நீளமான கைப்பிடி ஒன்று, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் சாவி) ஒன்று. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். பெட்டி அலுமினியம், மிகையாக இறுக்கினால் மரை போய்விடும் என்பதால் இது வேண்டும்.

இரண்டு பிளக்குக்கும் புது வாஷர். ஆயில் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். சில பெட்டிகளில் வாஷரே இருக்காது, மரையில் சீலண்ட் தடவி மாட்டியிருப்பார்கள். அப்படியானால் ஒரு சின்ன சீலண்ட் டியூப்.

ஐந்து லிட்டர் பிடிக்கும் அகலமான டிரே, புனல், அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் குவளை, காட்டன் வேஸ்ட், பிரேக் கிளீனர், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி.

ஆயில் ஏற்றுவதற்கு ஒரு குழாய். கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் டியூப் இதற்கு ஏற்றது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். பிளக் துளையில் நுழையும் கனத்தில் ஒன்றரை மீட்டர் போதும். புதுக் குழாயாக இருக்கட்டும், மண் படிந்த பழையது வேண்டாம்.

4. இடமும் நேரமும்

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். நம் ஊரில் பல வீடுகளின் கார் நிறுத்துமிடம் மழைத்தண்ணீர் வடிய தெருப்பக்கம் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட ஆயில் மட்டத்தை மாற்றும். ரசமட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். தார் ரோட்டில் செய்யாதீர்கள். சித்திரை வைகாசியில் தார் இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். மண் தரையும் அப்படித்தான்.

கோடையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். திறந்த துளைக்குள் போகும் மணல் பேரிங்கை அரைத்துவிடும்.

வீட்டில் சமதளமே இல்லை என்றால், தெரிந்த வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்பு சும்மா இருக்கும் நேரம் கேட்டுப் பாருங்கள். நான்கு சக்கரமும் மட்டமாக நிற்கும் ராம்பு கிடைத்தால் ஆறாவது படியில் பாதி வேலை மிச்சம்.

5. இரண்டு பிளக்கையும் அடையாளம் காணுங்கள்

வண்டி ஆறியிருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அடியில் பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் கிளிப்பையும் போல்ட்டையும் கழற்றி, அவற்றை ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க எஞ்சின் அறையின் இடப்பக்கம்தான் கியர்பாக்ஸ். முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) எந்தக் கூட்டிலிருந்து வெளியே வருகிறதோ அதுவே நமக்கு வேண்டிய பெட்டி. அதன் அடிப்பகுதியில் இருப்பது ஆயிலை இறக்கும் டிரெய்ன் பிளக். பக்கவாட்டில், நடு உயரத்தில் இருப்பது ஆயிலை ஏற்றும் ஃபில்லர் பிளக். அளவு காட்டுவதும் அதுதான்.

அருகிலேயே எஞ்சின் ஆயில் சட்டியின் (சம்ப்) டிரெய்ன் போல்ட்டும் இருக்கும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கே நடக்கிறது: எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு, கியர்பாக்ஸில் இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். எஞ்சின் வறண்டு நிற்கும், கியர்பாக்ஸ் நிரம்பி வழியும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் போய்விடும். ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அகலமான சட்டி எஞ்சினுடையது. சந்தேகம் இருந்தால் பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி ஒரு துளி எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, நீர்த்து வந்தால் அது எஞ்சின் ஆயில். கியர் ஆயில் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும். கந்தக நெடி மூக்கில் ஏறும்.

சில பெட்டிகளில் ஃபில்லர் பிளக்கே இருக்காது. ரிவர்ஸ் விளக்கு சுவிட்சின் துளை வழியாகவோ வேறு துளை வழியாகவோ அளந்து ஊற்ற வேண்டியிருக்கும். பக்கவாட்டில் பிளக் கண்ணில் படவில்லை என்றால், உங்கள் மாடலுக்கான வழியைச் சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.

6. சூடாக்கி, மட்டமாகத் தூக்குங்கள்

வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை ஒரு நடை போய் வருவது போல, ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். ஆயில் இளகி, அடியில் படிந்த உலோகப் பொடியும் கலங்கி ஒன்றாக வெளியே வரும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால், வெதுவெதுப்பில் பிளக்கும் எளிதாக அசையும். நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோல் வரை விரட்டிப் போய் வந்து உடனே அடியில் நுழையாதீர்கள். சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும். இருபது நிமிடம் ஆற விடுங்கள்.

தூக்குவதற்கு முன் ஓர் அளவு எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன் ஜாக் புள்ளியும் பின் ஜாக் புள்ளியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். முன்னால் 18 செ.மீ., பின்னால் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் மேல் ஏற்றிய பிறகும் அந்த 2 செ.மீ. வித்தியாசம் அப்படியே இருக்க வேண்டும்: 40-க்கு 42. நிறுவனம் குறித்த ஆயில் மட்டம் வண்டி இயல்பாக நிற்கும் சாய்வுக்கானது.

முன்பக்கத்தை மட்டும் தூக்கி வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். இறக்குவதற்குப் பரவாயில்லை. ஏற்றும்போது வண்டி பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து ஆயில் கூடவோ குறையவோ செய்யும். நான்கு ஸ்டாண்டும் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் இறக்குங்கள். பிறகு பின்பக்கம். பின்சக்கரம் தரையை விட்டதும் ஹேண்ட் பிரேக்குக்கு வேலை கிடையாது, முழு எடையும் ஸ்டாண்டில்தான். பம்பர் பக்கம் கையை வைத்து நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஸ்டாண்டு நழுவினாலும் தடுக்க, ஸ்டெப்னியைப் படுக்கவைத்து கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் துண்டு எதையும் முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். கருங்கல் நொறுங்காவிட்டாலும் வழுக்கும். வண்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போது வெளியே இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

7. முதலில் மேல் பிளக்

ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்று கையில் வரும் வரை டிரெய்ன் பிளக்கைத் தொடாதீர்கள்.

கீழே இருப்பதை முதலில் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, பிறகு மேல் பிளக் அசையவே இல்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். ஆயில் இல்லாத பெட்டியோடு ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக முடியாது. மேல் பிளக் வரவில்லை என்றால் பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது. வண்டியை இறக்கி, ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போகலாம்.

பிளக்கைச் சுற்றி இருக்கும் சேற்றை முதலில் பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். குழி உள்ள பிளக் என்றால் குழிக்குள் இறுகிய மண்ணைக் கோணி ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, சாவியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி அடிவரை இறக்குங்கள். மண்ணின் மேல் பாதி நுழைந்த சாவி குழியை வழித்துவிடும். அதன் பிறகு அந்தப் பிளக்கை வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

இறுகியிருந்தால் துரு விடும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் காத்திருங்கள். நீளக் கைப்பிடியை ஒரே சீராக அழுத்துங்கள். வெட்டி வெட்டி இழுத்தால் வண்டி ஸ்டாண்டில் ஆடும்.

மேல் பிளக்கைத் திறந்ததும் கொஞ்சம் ஆயில் வழிந்தால் பழைய அளவு சரியாகவோ சற்று அதிகமாகவோ இருந்திருக்கிறது. விரலை உள்ளே விட்டும் ஆயில் தட்டுப்படவில்லை என்றால் எங்கோ கசிந்திருக்கிறது; அதை ஒன்பதாவது படியில் பார்ப்போம்.

8. பழைய ஆயிலை இறக்குங்கள்

டிரேயைச் சற்றுத் தள்ளி வையுங்கள். முதலில் ஆயில் வளைந்து பீறிடும், வேகம் குறையக் குறைய நேர்கீழாக விழும். பிளக்கை உள்நோக்கி அழுத்திக்கொண்டே விரலால் திருகி, கடைசி மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுங்கள். இல்லாவிட்டால் ஆயில் முழங்கை வரை வழியும், பிளக் டிரேக்குள் முங்கும்.

கியர் ஆயில் தடித்தது. தாரை நின்றதும் மூடிவிடாதீர்கள், அரை மணி நேரம் சொட்ட விடுங்கள்.

டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் முழுதாக வடியாத மூலைகள் பல உண்டு. அங்கே தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அழுக்கு அதிகம் இருப்பதாகத் தோன்றினால், புது ஆயிலோடு 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். செலவு கூடும், ஆனால் அதுதான் சரியான கழுவல்.

9. இறங்கிய ஆயில் சொல்வதைக் கேளுங்கள்

முதலில் அளவு. அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். கையேட்டில் 2.2 லிட்டர் என்றிருக்க, இறங்கியது 2 லிட்டர் என்றால் இயல்பு; நூறு, இருநூறு மி.லி. உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 1.5 லிட்டர்தான் வந்தது என்றால் கசிவு இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு பக்கமும் ஆயில் சீலைப் பாருங்கள். ஈரமாக, புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் சீலை மாற்ற வேண்டும். சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்து உலோகம். பல டிரெய்ன் பிளக்குகளின் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். துடைத்துவிட்டு மாட்டலாம். செதில், துண்டு, பல்லின் முனை என்று ஏதாவது விரலில் தட்டுப்பட்டால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத்தில் மினுமினுத்தால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் இது ஆயிலில்தான் தெரியும்.

ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் போன்ற நாட்களில் தேங்கிய நீரில் வண்டி ஓட்டினால் இது நேரும். ஓடிச் சூடேறிய பெட்டி தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கி, பிரீதர் (பெட்டியின் சிறு காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இந்த நிலையில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள், சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். நீர் கலந்த ஆயிலில் பேரிங் துருப்பிடிக்கும்.

10. டிரெய்ன் பிளக்கை மாட்டுங்கள்

பழைய வாஷர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே புதியதையும் வைத்து மாட்டினால் கசியும். புது வாஷரைப் போட்டு, முதல் நாலைந்து சுற்று வெறும் விரலால் திருகுங்கள். விரலுக்கு முரண்டு பிடித்தால் மரை ஏறுமாறாக இறங்குகிறது. பின்னோக்கிச் சுழற்றி எடுத்து மறுபடி தொடங்குங்கள். இரும்புப் பிளக்கும் அலுமினியப் பெட்டியும் மோதினால் சேதம் பெட்டிக்குத்தான்.

இறுக்கும் அளவு பல சிறிய கார்களில் 20 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் மாடலுக்கான எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘கழன்று விழுந்துவிடுமோ’ என்ற பயத்தில் முழு பலத்தையும் போட்டு இறுக்குவதுதான் மரை போவதற்குக் காரணம். சீலண்ட் போடும் வகையில் மெல்லிய ஒரு சுற்று போதும். பிளம்பர்களின் வெள்ளை டெஃப்ளான் டேப்பைச் சுற்றாதீர்கள். இழைகள் பிய்ந்து பெட்டிக்குள் போகும்.

11. புது ஆயிலை ஏற்றுங்கள்

வேலை தொடங்கும்போதே கேன்களை மூடியோடு வெயிலில் வைத்துவிடுங்கள். அரை மணி நேர வெயிலில் ஆயில் இளகிக் குழாயில் தாராளமாக ஓடும்.

குழாயின் ஒரு முனையைப் பானட் பக்கமிருந்து கீழே இறக்கி ஃபில்லர் துளைக்குள் இரண்டு அங்குலம் நுழையுங்கள். மேல் முனையில் புனல். வயரும் பெல்ட்டும் குழாயை மடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் ஊற்ற, கீழே ஒருவர் துளையைக் கவனிக்க வேண்டும். தனியாகச் செய்தால் அடியில் டிரேயை வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்தினால் புனல் பொங்கி எஞ்சின் மேல் கொட்டும்.

எத்தனை ஊற்றினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளையில் வழிவதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். வேகமாக ஊற்றும்போது ஆயில் பல்சக்கரங்களில் பட்டுத் தேங்கி, பெட்டி நிரம்புவதற்கு முன்பே வெளியே எட்டிப் பார்க்கும். 1.6 லிட்டரிலேயே வழிகிறது என்றால் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஊற்றுங்கள். அப்போதும் உள்ளே போக மறுத்தால் வண்டியின் சாய்வை மறுபடி அளந்து பாருங்கள்.

சரியான மட்டம் இதுதான்: வழிந்தது மெல்லிய நூலாகி, சொட்டாகி, நின்றுவிட வேண்டும். விரலை மடக்கித் துளைக்குள் விட்டால் ஆயில் துளையின் கீழ் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும்.

‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று நினைத்து, வழியும்போதே பிளக்கை மூடாதீர்கள். மிகை ஆயில் நுரைக்கும், பிரீதர் வழியாகப் பொங்கும், கிளட்ச் பக்கத்துச் சீலைத் தாண்டினால் கிளட்ச் தட்டையும் நனைத்துவிடும். குறைந்தால் பெட்டியின் மேற்பகுதியிலும் கோடியிலும் உள்ள பேரிங்குகளும், பல வண்டிகளில் ஐந்தாவது கியரும்தான் முதலில் வறளும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடும்போது ஊளைச் சத்தம் கிளம்பும்.

ஃபில்லர் பிளக்கையும் புது வாஷரோடு, முதலில் விரலால், பிறகு டார்க் ரெஞ்சால் மாட்டுங்கள். சுற்றிலும் பிரேக் கிளீனர் அடித்துப் பளிச்சென்று துடையுங்கள். பழைய ஆயில் கறை இருந்தால் புதுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

12. இறக்கி, ஓட்டிப் பாருங்கள்

ஸ்டாண்டின் மேலேயே எஞ்சினைப் போட்டு கியர் மாற்றிப் பார்க்க வேண்டாம். சுழலும் சக்கரம் வண்டியைத் தள்ளிவிடலாம். ஸ்டெப்னியை வெளியே எடுத்து, பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று இறக்குங்கள். அடி மறைப்பை இப்போதே மாட்டாதீர்கள்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரையும் ஒரு முறை போட்டு எடுங்கள். பிறகு பத்து கி.மீ. ஓட்டுங்கள். திரும்பி வந்து இரண்டு பிளக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். இரவு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மறைப்பை மாட்டுங்கள்.

டிரெய்ன் பிளக்கில் ஈரம் தெரிந்தால் உடனே இன்னும் இறுக்காதீர்கள். வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கலாம், இடையில் மண் இருக்கலாம். சுத்தமான பாத்திரத்தைக் கீழே பிடித்து, கழற்றி, வேறு வாஷர் போட்டு, அதே அளவுக்கு இறுக்குங்கள். வழிந்த அளவை மேலே ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

தேதி, ஓடிய கிலோமீட்டர், இறங்கிய அளவு, ஏற்றிய அளவு, ஆயிலின் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த எண்கள்தான் உதவும்.

13. மாற்றிய பிறகும் கியர் முரண்டு பிடித்தால்

ஆயில் பழசாகிப் போனதால் வந்த இறுக்கம் முதல் நாளே குறைந்துவிடும். கரகரப்பு அப்படியே இருந்தால் கிளட்சைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் கரகரத்து, நிறுத்திவிட்டுப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழுந்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் கேபிளையோ ஹைட்ராலிக்கையோ சரிபார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருந்தும் எல்லாக் கியரும் கனமாக இருந்தால் கியர் கேபிளும் அதன் புஷ்ஷும் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. கடையில் விற்கும் எந்த மருந்துக் கலவையும் தேய்ந்த வளையத்தை வளர்க்காது.

14. பழைய ஆயில்

புது ஆயில் காலியான கேன்களிலேயே பழையதை ஊற்றி மூடி, சர்வீஸ் சென்டரிலோ, கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையிலோ கொடுங்கள். தண்ணீர், டீசல், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் வாங்க மறுப்பார்கள்.

சாக்கடையில் ஊற்றாதீர்கள். வீட்டு ஓரத்தில் கரையானுக்கென்று கொட்டுவதும் அதே தப்புதான். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று நிலத்தடி நீர் பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். ஆற்று மணலில் ஊறும் தண்ணீரைத்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன. கேனைக் கொடுக்க உடனே போக முடியாவிட்டால், மேலே ‘பழைய கியர் ஆயில்’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆயில் ஊறிய காட்டன் வேஸ்ட்டை எரிக்காமல், மூடி போட்ட டப்பாவில் அடைத்து கேனோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.